துடைப்பக்குச்சியும் ஒரு நன்றியும்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிளை இருந்தது, இலை இருந்தது. குச்சிப்பூச்சியைத்தான் காணோம்.

காவலாளி இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார். எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தவருக்கு இந்தக் கலைக்கூடத்தில் இடம் கிடைத்ததே அந்தப் பூச்சியால்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டவர் ஓவியர் அம்மா. சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள். எல்லாவற்றிலும் நீட்டிய ஒரு கை, அதை விட்டு விலகி நிற்கும் பூச்சி.

காவலாளி நன்றி மறக்கிறவர் அல்ல. தினமும் காலையில் மூடியைத் திறந்து, பச்சைத் தொப்பியோடு தலையை உள்ளே நீட்டி, தண்ணீர் தெளித்து, "நீ நல்லா இருக்கணும் மகராசி, உன்னாலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்பார். இன்றும் மனதாரச் சொன்னார். மூடிவிட்டுப் பார்த்தால் மகராசி இல்லை.

அவசரத்துக்கு ஒரு துடைப்பக்குச்சியை உடைத்துக் கிளையில் செருகினார்.

முதலில் பார்க்க வந்த மூக்குக்கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். "அசையவே மாட்டேங்குதே?"

"தூங்குது சார்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடா, பிரமாதம்!" என்று இவரையே படம் பிடித்தார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று காவலாளி அடுத்த அறைக்கு நழுவினார். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். தரையில் தவழ்ந்து தேடினார். அவர்களும் குனிந்தார்கள்.

"யாரும் எதையும் மிதிச்சிடாதீங்க!" என்று கெஞ்சினார்.

அவ்வளவுதான், இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு அம்மாள் உதட்டில் விரலை வேறு வைத்தாள். இப்படியும் கேலி செய்வார்களா என்று அவருக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து ஓவியர் அம்மா மகளோடு உள்ளே வந்தார். காவலாளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது.

"தப்பு என்னுதும்மா," என்றார் காவலாளி. "பூச்சி போயிடுச்சு. உள்ள இருக்கறது துடைப்பக்குச்சி. மூணு வாரம் எனக்குச் சோறு போட்ட ஜீவன், அதைக் காப்பாத்தத் தெரியல. வேற ஆளை வச்சுக்குங்க."

ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று தொப்பியில் கை வைத்தார். கூட்டமே "ஐயோ!" என்று அலறியது.

ஓவியர் அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மகள்தான் பேசினாள்.

"கழட்டாதீங்க மாமா! ஆறு மாசமா எங்கம்மா கை நீட்டியும் வராதது, உங்க தொப்பி மேல ஏறித் தூங்கிக்கிட்டு இருக்கு!"