டீச்சருக்கு ஒரு தேத்தண்ணி

“டீச்சருக்குச் சீனி எத்தன கரண்டி போடுறது?”

கதவிடுக்கில் கிருஷ்ணம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. அவள் மகன் கிஷாந்த், தலை வாரி, பவுடர் பூசி, வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மேசைக்குக் கீழே காற்சட்டை இல்லை, இடுப்பில் வெறும் சாரம்தான். அது கமெராவுக்குத் தெரியாது என்பது அவன் கணக்கு.

“அம்மா, டீச்சர் பெலாரஸ்ல இருக்காங்க. இங்க வரல. கம்ப்யூட்டர்லதான் வருவாங்க.”

“எதுல வந்தா என்னா, வாறது நம்ம வீட்டுக்குத்தானே? வீட்டுக்கு வாறவங்கள வெறும் வாயோட அனுப்புறதா?”

“அவங்க பரீட்ச வைக்க வாறாங்கம்மா.”

“வைக்கட்டும். தேத்தண்ணியக் குடிச்சிட்டு வைக்கட்டும்.”

மாத்தளைப் பக்கம் நாலந்தாவில் அந்த வீடு நேற்றிலிருந்து இந்தப் பாடுதான் படுகிறது. திரைச்சீலை துவைத்தாகிவிட்டது. வாசல் கூட்டியாகிவிட்டது. வடைக்குப் பருப்பும் ஊறிவிட்டது. மகனின் டீச்சர் முதன்முதலாக வருகிறார். அவர் திரைக்குள் வருகிறார் என்பதெல்லாம் கிருஷ்ணம்மாவைப் பொறுத்தவரை பஸ்ஸில் வருகிறாரா வேனில் வருகிறாரா என்பது போன்ற சில்லறை விஷயம்.

கிஷாந்தின் கவலை வேறு. பெலாரஸில் மருத்துவம் படிக்கப் போனவன், முதலில் ஒரு வருடம் ஆயத்த வகுப்பில் இருந்தான். உயிரியல், இரசாயனம், கூடவே ரஷ்ய மொழி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற நோயாளி அங்கே தமிழிலா முனகப் போகிறான்? உயிரியலும் இரசாயனமும் கிஷாந்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரஷ்ய மொழிதான் தொண்டையில் நின்றுகொண்டது.

அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ‘என் ஊர்’, ‘என் குடும்பம்’, ‘வைத்தியரிடம்’ என்று பதினைந்து கட்டுரைகளை நெட்டுருப் போட்டுவிட்டான். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பான். போன மாத வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியை கலீனா பெத்ரோவ்னா கேட்ட கேள்வி, “இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?”

பதினைந்திலும் அது இல்லை. கிஷாந்த், “என் ஊர் மாத்தளை. அது மலைகள் சூழ்ந்த அழகிய ஊர்” என்று தொடங்கினான்.

“சரி. என்ன சாப்பிட்டாய்?”

“அங்கே மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவை விளைகின்றன.”

அம்மையார் பெயில் போட்டார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தவனுக்கு இணையத்தில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். இதுதான் கடைசி. இதிலும் கோட்டை விட்டால் மருத்துவ முதலாம் ஆண்டுக்குள் கால் வைக்க முடியாது. அப்பா அழகமுத்து, சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கும் வேன்காரர். ஏறுகிற ஒவ்வொரு ரஷ்யரிடமும் “மை சன், டொக்டர், பெலாரஸ்” என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். அவரிடம் போய் என்னவென்று சொல்வது?

மதியம், திரையில் கலீனா பெத்ரோவ்னா தோன்றினார். நரைத்த தலை, கனத்த கண்ணாடி, சிரித்தே பழக்கமில்லாத வாய்.

“அறையில் நீ தனியாகத்தானே இருக்கிறாய்?” என்று ரஷ்ய மொழியில் கேட்டார்.

“தனி. ஆம்.”

“அறையைச் சுற்றிக் காட்டு. பிறகு உன் மாணவர் அட்டை. பிறகு தொடங்கலாம்.”

கிஷாந்த் கணினியைத் தூக்கிச் சுற்றினான்.

“நில். சுவரில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?”

முத்துமாரியம்மன் படம் போட்ட கலண்டர். படத்துக்குக் கீழே நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் அச்சாகியிருந்தது. இராகு காலத்துக்கு ரஷ்ய மொழியில் கட்டுரை இல்லையே என்று அவனுக்கு வியர்த்தது.

“அது... கடவுள். கீழே நாள். நல்ல மணி, கெட்ட மணி.”

“கெட்ட மணி என்றால்?”

“அந்த மணி, வேலை தொடங்கக் கூடாது.”

“இப்போது எந்த மணி?”

கிஷாந்த் எட்டிப் பார்த்தான். புதன்கிழமை. “கெட்ட மணி” என்றான்.

“பரீட்சை அறையில் எழுத்து இருக்கக் கூடாது. கழற்றிவிடு.”

கழற்றிக் கீழே வைத்தான். வைத்த கை நிமிர்வதற்குள் கதவு திறந்தது. வடை மணத்தோடு கிருஷ்ணம்மா.

“சாமிய எதுக்குடா எறக்குன? அதுவும் பரீட்ச அன்னைக்கு.”

“டீச்சர் சொன்னாங்க.”

“டீச்சர் அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க. படிச்சவங்க.”

“அது யார்?” என்றார் திரையில் இருந்தவர்.

“என் அம்மா. கோபம். நான் கடவுளைத் தரையில் வைத்தேன். நீங்கள் சொன்னீர்கள், அம்மா நம்பவில்லை.”

கிருஷ்ணம்மா அப்போதுதான் திரையைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

“வணக்கங்க டீச்சர். டேய், புள்ள அங்க ஒழுங்காச் சாப்பிடுறானான்னு கேளு.”

“நானே எப்படிம்மா கேக்குறது?”

“பின்ன யாரு கேப்பா? எனக்கு அந்தப் பாஷ தெரியுமா?”

கிஷாந்த் திரையின் பக்கம் திரும்பினான். “நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று அம்மா கேட்கிறார்.”

“எனக்கு எப்படித் தெரியும்? கேட்டதற்கு நீ மிளகைப் பற்றியல்லவா சொன்னாய்?”

“நல்லாச் சாப்பிடுறேனாம்” என்று அம்மாவிடம் மொழிபெயர்த்தான்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடி, விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருக்கும் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கணினியின் முன்னால் வைத்தாள். ஆவி எழுந்து கமெராவை மூடியது.

“கிஷாந்த், நீ தெரியவில்லை. அங்கே புகையா?”

“புகை இல்லை. தேநீர். உங்களுக்கு. குடிக்காவிட்டால் அம்மாவுக்கு வருத்தம்.”

திரையில் அந்த அம்மையார் தன் பக்கத்திலிருந்த கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டி ஒரு வாய் குடித்தார். கிருஷ்ணம்மாவுக்குத் திருப்தியில்லை.

“அது ஆறிப்போயிருக்கும். நம்ம தேத்தண்ணியச் சூடாக் குடிக்கச் சொல்லு.”

அதையும் சொன்னான். பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சை நேரம் கரைகிறது என்பது அவனுக்குப் புரிந்தது. அம்மாவைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டான். இனித் தொந்தரவு இல்லை என்று மூச்சு விட்டு உட்கார்ந்தான். கரண்ட் போய்விட்டது.

வைஃபை செத்தது, திரையில் டீச்சரும் மறைந்தார். கைத்தொலைபேசிக்கு அந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். பின்வாசலில், பலாமரத்தடியில். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தொலைபேசியும் ஒரு கையில் சாரமுமாக ஓடினான். மறுபடி தொடர்பு கிடைத்தபோது அவனுக்கு மூச்சிரைத்தது.

“எங்கே போனாய்? இப்போது எங்கே நிற்கிறாய்?”

“வீட்டில் மின்சாரம் போய்விட்டது. மரத்துக்குக் கீழே நிற்கிறேன். இங்கே மட்டும்தான் இணையம் வரும்.”

“நீ என்ன உடுத்தியிருக்கிறாய்? பாவாடையா?”

“இது சாரம். எங்கள் ஊரில் ஆண்கள் உடுத்துவது. மன்னியுங்கள், காற்சட்டை அறையில் இருக்கிறது. நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.”

வேலிக்கு அப்பால் பாயில் கராம்பு உலர்த்திக்கொண்டிருந்த நஸ்மியா மாமி நிமிர்ந்தார்.

“மகன், யாரோட சண்ட புடிக்கிற?”

“சண்ட இல்ல மாமி. பரீட்ச.”

“பரீட்சயா? அப்ப நான் பேசல்ல” என்றார் மாமி. “என்னத்துக்கு வெளிய நிண்டு பரீட்ச செய்ற? ஊட்டுக்குள்ள எடமில்லயா? உம்மாவோட கோவமா?”

“அந்தப் பெண் யார்? உனக்கு விடை சொல்லிக் கொடுக்கிறாரா?” என்று கேட்டார் பேராசிரியை.

“இல்லை, இல்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு ரஷ்ய மொழி தெரியாது. பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்.”

“சரி. மாணவர் அட்டையைக் காட்டு. அதைப் பார்க்காமல் நான் கேள்வி கேட்க முடியாது.”

கிஷாந்த் அட்டையை எடுத்துக் கமெராவுக்கு நேராகப் பிடித்தான். மேலேயிருந்து ஒரு கை நீண்டு வந்து அதை வாங்கிக்கொண்டது.

குரங்கு. கிளையின் நுனிக்குப் போய் உட்கார்ந்து, அட்டையை முகர்ந்து பார்த்து, மூலையைக் கடித்தது.

“கிஷாந்த், அட்டை எங்கே?”

“குரங்கு எடுத்துவிட்டது.”

“என்ன எடுத்துவிட்டது?”

அவன் தொலைபேசியை மரத்தை நோக்கித் திருப்பினான். பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தார். தேசிய அளவில் மானம் போவதென்றால் இதுதான் என்று கிஷாந்த் நினைத்தான்.

“அங்கே மூன்று இருக்கின்றனவே. எதனிடம்?”

“இடதுபுறம் இருக்கிற பெரியது. காது கிழிந்திருக்கிறதே, அது. பெரிய திருடன். போன வாரம் அம்மா துணி துவைக்கிற சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.”

“சவர்க்காரத்தை வைத்து என்ன செய்தது?”

“தின்று பார்த்தது. பிறகு எங்கள் மீதே எறிந்தது.”

அந்த நேரம் பார்த்துத்தான் அழகமுத்து சாப்பாட்டுக்கு வந்து வேனை நிறுத்தினார். மகன் மரத்தடியில் ரஷ்ய மொழியில் புலம்புவதைக் கண்டதும் ஓடிவந்து, தொலைபேசியில் வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துவிட்டார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ‘வணக்கம்’, ‘நல்லது’ என்று பயணிகளிடம் பிடித்துவைத்திருந்த இரண்டு ரஷ்யச் சொற்களையும் எடுத்துவிட்டார்.

“ஸ்த்ராஸ்துவீச்சே மேடம். சீகிரியா, சஃபாரி, ஏசி வேன், ஹராஷோ.”

“அப்பா, அவங்கதான் என் டீச்சர்.”

அழகமுத்து அப்படியே கைகளைக் கட்டிக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க மேடம்” என்று தமிழில் சொன்னார்.

“இவர் எதை விற்கிறார்?” என்றார் பேராசிரியை.

“இவர் என் அப்பா. ரஷ்யப் பயணிகளை வேனில் சீகிரியாக் குன்றுக்குக் கூட்டிப் போகிறார். உங்களையும் பயணி என்று நினைத்துவிட்டார். இப்போது வெட்கப்படுகிறார்.”

குரங்கு அட்டையைப் பறித்த விஷயத்தைக் கேட்ட அழகமுத்து, இது தன் துறை என்று முடிவு செய்தார். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று தினமும் பயணிகளுக்கு உபதேசம் செய்கிறவர், வேனிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து காட்டினார். அட்டை வைத்திருந்த குரங்கு அசையவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்த குரங்குகளெல்லாம் வந்து சேர்ந்தன. நஸ்மியா மாமி கராம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

“ஏன் இத்தனை குரங்குகள்? உன் அப்பா என்ன செய்கிறார்?”

“ஒரு குரங்கைக் கூப்பிடப் பழம் காட்டினார். எல்லாம் வந்துவிட்டன. இப்போது பழத்தைக் கொடுத்தால் அடிதடி நடக்கும், கொடுக்காவிட்டால் அப்பாவைக் கடிக்கும். சீப்பை எறிந்துவிட்டு ஓடச் சொல்கிறேன்.”

“சொல், சீக்கிரம் சொல்.”

அழகமுத்து எறிந்துவிட்டு ஓடினார். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து கிருஷ்ணம்மா வடைத் தட்டோடு வந்தாள். காது கிழிந்த குரங்கு ஒரே தாவலில் கீழே இறங்கி, அட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு கையிலும் வடையை அள்ளிக்கொண்டு மேலே போய்விட்டது.

“அது டீச்சருக்குச் சுட்ட வட” என்றாள் கிருஷ்ணம்மா, அழாத குறையாக.

“உங்களுக்காகச் சுட்ட வடையைக் குரங்கு தின்கிறது என்று அம்மா கவலைப்படுகிறார்” என்று கிஷாந்த் மொழிபெயர்த்தான். அட்டையைப் பொறுக்கிச் சாரத்தில் துடைத்துக் கமெராவுக்குக் காட்டினான். பெயர் இருந்தது. படத்தில் அவன் தலை இருந்த இடத்தில் பல் பதிந்திருந்தது.

“தெரிகிறது, போதும்” என்றார் பேராசிரியை. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் முடிந்துவிட்டது. அடுத்த மாணவன் காத்திருக்கிறான்.”

கிஷாந்த் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“கலீனா பெத்ரோவ்னா, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். எனக்கு இன்னொரு நாள் கொடுங்கள். பதினைந்து கட்டுரையும் தயாராக இருக்கிறது, ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. இவர்கள் மேல் கோபப்படாதீர்கள். என் அம்மா நேற்றிலிருந்து உட்காரவே இல்லை, வீட்டுக்கு வரும் டீச்சரை வெறுமனே அனுப்பத் தெரியாது அவருக்கு. என் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னை டொக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறார். தப்பு முழுக்க என்னுடையது. எனக்குப் பேச வராது, பயம். அதற்காக இவர்களை அழ வைத்துவிடாதீர்கள்.”

என்ன சொல்கிறான் என்று தெரியாவிட்டாலும், கெஞ்சுகிறான் என்பது தெரிந்தது. திரும்பி வந்திருந்த அழகமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணம்மா காலித் தட்டோடு மகனின் தோளை ஒட்டி நின்றாள்.

கலீனா பெத்ரோவ்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீ பாஸாகி அரை மணி நேரம் ஆகிறது, கிஷாந்த், அந்தக் குரங்கு அட்டையைத் திருப்பிக் கொடுக்குமா என்று பார்க்கத்தான் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.”