வருடம் தெரியாத பெட்டி

அரைகுறைக் கம்ப்யூட்டர் அறிவும் அழகுணர்ச்சியும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. என்னிடம் சேர்ந்திருந்தன.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து ஆபீசில் எனக்கு வேலை. மண்டப புக்கிங்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய பெருமை என்னையே சேரும். ஆக்ஸஸ் என்கிற சாஃப்ட்வேரில் ஒரு ஃபார்ம் செய்தேன். தேதிக்கு ஒரு பெட்டி, பெயருக்கு ஒரு பெட்டி, பின்னால் ரோஸ் நிறம். (ரோஸை யாரும் கேட்கவில்லை.) முதலாளி கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குத்தா, பெருசாக்கு" என்றார்.

பெருசாக்கினேன். தேதிப் பெட்டியில் நாளும் மாதமும் நின்றன, வருடம் வெட்டுப்பட்டது. பெட்டியை அகலமாக்கியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் பக்கத்துப் பெட்டி நகர்ந்து என் வரிசை கெட்டுவிடுமே. அதனால் நாளும் மாதமும் மட்டும் தெரிகிற மாதிரி செட்டிங்கை மாற்றினேன். தட்டும்போதும் அவை இரண்டையும் தட்டினால் போதும், வருடத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். எந்த வருடத்தைப் போடும் என்று நான் யோசிக்கவில்லை.

"இனிமே ஞாபகத்த நம்பாதீக முதலாளி, கம்ப்யூட்டர நம்புங்க" என்று உபதேசம் வேறு.

அந்த டிசம்பரில் எனக்கே கல்யாணம் நிச்சயமானது. தை முதல் முகூர்த்தம், எங்கள் மண்டபத்திலேயே. புக்கிங்கை என் கையாலேயே தட்டிவிட்டு, ஜனவரி பிறந்ததும் லீவில் போய்விட்டேன்.

கல்யாணத்தன்று காலை, தலை நிறையப் பூவோடு மணப்பெண் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கொல்லைப்பக்கம் ஆடு கத்தியது. அப்பா ஓடினார்.

"இங்கன எதுக்குய்யா ஆடு? எங்க விருந்து சைவமாச்சே."

"பிரியாணிக்கு. கம்பத்து பாய் வீட்டு நிக்காஹ்" என்றார், அண்டா இறக்கிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர்.

கொஞ்ச நேரத்தில் நான் பட்டுச்சேலையோடு ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். சுற்றிலும் அப்பா, பாய், முதலாளி. கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும் வாசலில்.

"நீ லீவுல போனதுக்கப்பறம், அவுக வீட்டு மாப்ளைக்கு சவுதியில திடீர்னு லீவு கெடச்சிருச்சுன்னு பாய் வந்தாக" என்றார் முதலாளி. "கம்ப்யூட்டர்ல தேடுனேன், அந்தத் தேதி காலின்னு காட்டுச்சு. ஒன் கல்யாணமும் அன்னைக்குத்தேன்னு எனக்கு ஞாபகம். நீதேன் ஞாபகத்த நம்பாதீகன்னு சொன்ன."

செட்டிங்கைப் பழையபடி மாற்றி, பெட்டியை இழுத்து அகலமாக்கினேன். வருடம் தெரிந்தது. டிசம்பரில் தட்டிய தைக் கல்யாணங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அந்த டிசம்பரின் வருடத்தையே போட்டிருந்தது. முதலாளி ஜனவரியில் தேடியபோதோ புது வருடத்தில் தேடியிருக்கிறது. என் கல்யாணம் உட்பட அத்தனையும், ஏற்கெனவே முடிந்திருந்த போன தையில் உட்கார்ந்திருந்தன.

"ஒரு மண்டபம் பிடிக்கத் துப்பில்லாத வீட்டுல பொண்ணெடுக்கணுமா? வண்டியக் கெளப்புப்பா" என்றார் தாய்மாமா.

அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாய்மாமா முன்னால் போய் நின்றார்.

"அப்பா மேல தப்பில்ல. பெட்டி அழகா இருக்கணும்னு நாந்தேன் வருசத்த மறைச்சேன்" என்று அழுதுவிட்டேன். (கண்மை தாடை வரை இறங்கியது. ஆல்பத்தில் இருக்கிறது.)

மாப்பிள்ளை உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். என்னோடு அதுவரை நாலு வார்த்தை பேசியிராத மனிதர்.

"கம்ப்யூட்டர் கணக்குல எங்களுக்குப் போன தையிலயே கல்யாணம் ஆயிருச்சு மாமா. இப்பப் போயி வேணாம்னா எப்பிடி?"

முதலில் சிரித்தவர் பாய்தான். "நிக்காஹ் பள்ளிவாசல்லதேன். எங்களுக்கு மண்டபம் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போதும். அதுக்குள்ள நீங்க பந்திய முடிச்சுக்கங்க" என்றார்.

அப்படியே நடந்தது. தாலி ஏறிய கையோடு நான் செய்த முதல் காரியம், மற்ற தைக் கல்யாணங்களின் வருடத்தைத் திருத்தியது. எங்கள் பந்தி முடிந்தும் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பவில்லை, தாய்மாமாவைக் காணோம். தேடிப் போனால் பாய் வீட்டுப் பந்தியில் இருந்தார். (இரண்டாவது தட்டு என்று மாஸ்டர் சொன்னார்.)

இப்போதும் ஒவ்வொரு தையிலும் பாயிடமிருந்து என் கணவருக்கு போன் வரும்.

"கல்யாணம் ஆகி எத்தன வருசம் தம்பி? நம்ம கணக்கா, ஒங்க வீட்டம்மா கணக்கா?"

"அவ கணக்குத்தேன் பாய்" என்பார் இவர். "ஒரு வருசம் கூடக் கெடைக்குதுல்ல."