சத்தமில்லாமல் வந்த வண்டி

உத்திரமேரூர்

அன்புள்ள பார்த்திபன் அண்ணனுக்கு, தங்கை சுபாஷ்ரீ எழுதிக்கொண்டது. ஊரே தூங்குகிற நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போன் உன் மருமகள் சுகிர்தாவிடம் இருக்கிறது. யாரோ பைக் ஸ்டார்ட் பண்ணுகிற வீடியோவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கு அனைவரும் நலம், தூக்கம் மட்டும்தான் இல்லை. அண்ணி நலமா?

உன் மாப்பிள்ளை பழைய பைக்கை உனக்குக் கொடுத்துவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தபோது, பிசிக்ஸ் படித்தவள் என்கிற தைரியத்தில், புகை கிடையாது, சத்தம் கிடையாது என்று வீட்டுக்கே வகுப்பெடுத்தது நான்தான். அந்தச் சத்தம் இல்லாததுதான் இப்போது சங்கடம். செகண்ட் ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது பைக் ஏரிக்கரையிலேயே கேட்கும். அத்தை சீரியலை நிறுத்திவிட்டு தோசைக்கல்லை வைப்பார். குழந்தை சுகிர்தா "நைனா வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு உடனே தூங்கிப்போவாள். இப்போதோ அவர் ஆவி மாதிரி வந்து நிற்கிறார், முதல் நாளே அத்தை திருடன் என்று நினைத்து கரண்டியால் போட்டுவிட்டு, "பூனையாட்டம் வந்து நிக்கிறியே, இன்னா வண்டிடா இது, ஒரே பேஜாரா கீது" என்று அவரையே திட்டினார், போதாததற்கு எதிர்வீட்டு இருசப்பன் மாமா காலையில் வந்து, "இன்னாம்மா, கோபால் வண்டி சத்தம் கேட்டுதானே நான் எய்ந்து மோட்டர் போட்டுக்கினு இருந்தேன், இப்ப பயிரு காயுதே, யாரு பதில் சொல்றது?" என்கிறார்.

அதெல்லாம்கூடப் போகட்டும். குழந்தை தூங்குவதே இல்லை அண்ணா. சற்றுமுன் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே, "நைனா இன்னும் வர்ல" என்றாள். "நான்தாண்டி நைனா" என்றார். "நீ இரு, நைனா வரட்டும்" என்றுவிட்டாள். மனுஷன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை ராஜகுளத்திலிருந்து பைக்கை ஓட்டிக்கொண்டு வா. ஸ்கூட்டரை நீ எடுத்துக்கொள்.

அண்ணிக்கு என் அன்பு. உன் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சுபாஷ்ரீ

பி.கு.: பைக் வேண்டாம். இப்போதுதான் தெருமுனையிலிருந்து வாயாலேயே "பட பட பட" என்று ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். குழந்தை "நைனா வந்துட்டாரு" என்றாள், தூங்கிவிட்டாள். அத்தை தூக்கத்திலேயே எழுந்துபோய் தோசைக்கல்லை வைத்துவிட்டார். இருசப்பன் மாமா மோட்டர் போட்டுவிட்டார். ஆனால் வேகத்தடை ஏறும்போது அந்தப் பைக் ஒரு விக்கல் எடுக்குமே, அது மட்டும் இவருக்குச் சரியாக வரவில்லையாம். நீ ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அது எப்படி என்று எழுது. சீக்கிரம் பதில் போடு.