ஜன்னலோரம் முழு சிக்னல்

மனைவியும் அவள் அக்காவும் போனில் பேசுவதை ஒழித்துக்கட்டுவது என்று கடிகாரக்காரர் அன்று பல் தேய்க்கும்போதே தீர்மானம் செய்துவிட்டார்.

அவர் வேலை அப்படி. முன்னறை ஜன்னலோரம் மேஜை போட்டு, ஒற்றைக் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். தும்மக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. மனைவியோ பின்பக்கத்துச் சாமான் அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகி, வெங்காயம் உரித்தபடி அக்காவோடு பேசுவாள். பேச்சு முன்னறைக்குக் கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். அது எப்போது வெடிக்குமோ என்ற பயத்திலேயே இடுக்கி நழுவி, நேற்று ஒரு திருகாணி பறந்துபோனது. பாதி நாள் தரையில் தவழ்ந்து தேடினார் மனிதர்.

'பேசாதே' என்று நேராகச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். போன்லேருந்து கதிர் வருது. காதுலயே வச்சுக்கிட்டிருந்தா மூளை வெந்துடும்."

"எனக்குத்தான் மூளையே இல்லைன்னு சொல்வீங்களே. எது வேகும்?"

"விளையாட்டு இல்லை. காதுகிட்டயே கொண்டுபோகாதே."

"நிஜமாவா சொல்றீங்க?"

"பின்னே? உன்மேல அக்கறை இல்லாமலா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. அன்று மதியம் வீடு அப்படி ஒரு அமைதி. கடிகாரங்களின் டிக் டிக் கூட அதிகப்படியாகத் தெரிந்தது. தன் சாமர்த்தியத்தை மெச்சி, தனக்குத் தானே ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி எதிர்வீட்டு நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கேட்டேங்க. மூளையெல்லாம் வேகாதாம். கெடுதல்னு இதுவரைக்கும் யாரும் உறுதியா நிரூபிக்கலையாம். ஆனாலும் உடம்புல படறதைக் குறைச்சுக்கலாம், தப்பில்லைன்னாங்க."

"அதைத்தானே நானும் சொன்னேன். பேச்சைக் குறை."

"ஸ்பீக்கர்ல போட்டுத் தள்ளி வச்சாலே தலைக்கு வர்றது ரொம்பக் கம்மியாயிடுமாம்."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றினார்.

"இன்னொண்ணு. சிக்னல் கம்மியா இருக்கற இடத்துலதான் போன் முக்கி முக்கிக் கதிரை அனுப்புமாம். சாமான் ரூம்ல ஒத்தைக் கோடுதான் காட்டும். அங்கேயே உக்காந்து இத்தனை வருஷம் பேசியிருக்கேன் பாருங்க. நல்லவேளை, நீங்க எடுத்துச் சொன்னீங்க."

போனைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு சமையலறை, கூடம் என்று ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். கடைசியில் அவர் மேஜையருகே வந்து நின்றாள்.

"முழு சிக்னல் இங்கேதாங்க."

மறுநாள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் முளைத்தது. எண்ணெய்க் குப்பிமேல் சாய்த்து வைத்த போனிலிருந்து அக்காவின் குரல் ஊருக்கே கேட்டது.

"தம்பி பக்கத்துலயா இருக்கார்? தம்பி, சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுதாமே?"

"பார்க்கறேங்க."

"போன மாசமும் பார்க்கறேன்னுதான் சொன்னீங்களாம்."

கடிகாரக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். "நீ பழையபடி சாமான் ரூம்லயே உக்காந்து பேசேன்," என்றார் மெதுவாக.

"அங்கே கதிர் ஜாஸ்தியாச்சே. போகச் சொல்றீங்களா?"

கேட்டது ஒருத்தி. பதிலுக்குக் காத்திருந்தது இரண்டு பேர். ஸ்பீக்கரில் அக்காவும் சேர்த்தி.

"நீ இங்கேயே இரு," என்றார். போனை ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டு, மேஜையைத் தூக்கிக்கொண்டு அவரே சாமான் அறைக்குப் போனார். மூட்டைகளை ஒதுக்கி, மங்கலான பல்பின் கீழ் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். வெளிச்சம் போனால் போகிறது, நிம்மதி கிடைத்ததே என்று லென்ஸை மாட்டினார்.

முன்னறையிலிருந்து அக்காவின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. தள்ளி வைத்த போனுக்குக் கேட்கவேண்டுமே என்று மனைவியும் உரக்கவே பேசினாள்.

"என்னடி, ஜன்னல்ல காத்து வருதா?"

"ஜிலுஜிலுன்னு வருதுக்கா. கல்யாணமான நாள்லேருந்து இந்த இடத்தை விடுங்கன்னு கெஞ்சினேன், அசையலை. நேத்து அவராவே கதிர்னு ஆரம்பிச்சார். சரின்னு நான் முடிச்சு வச்சேன்."

கடிகாரக்காரர் எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்தப் பார்த்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் சாத்தியிருந்தது.