பொட்டு வைத்த பக்கமே மேல்பக்கம்

தலைச்சோலை,
17-5-84, வியாழன்.

ஆத்தூரில் சகல சௌக்கியத்துடன் இருக்கிற, இனியும் அப்படியே இருக்க வேண்டிய மச்சான் சின்னன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் மாதப்பன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே மழை நலம், பலாமரம் நலம், என் முழங்கால் சுமார். தங்கள் தங்கை ராசம்மாள், மகள் மல்லிகாவின் பிரசவத்துக்காக ராசிபுரம் போய் இருபது நாள் ஆகிறது. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். நலமில்லாமல் இருப்பவன் நான் ஒருவன்தான், அதுவும் உடம்பால் இல்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன் மச்சான். உங்கள் தங்கை இரண்டு வருஷமாக ஒரு கிராஸ் ஸ்டிச் படம் தைத்துக்கொண்டிருந்தாளே, அது என்ன படம்? உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? வீட்டுக்காரனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் துணியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "எப்பிடிங்க இருக்குது?" என்பாள். நான் ரேடியோவில் செய்தி கேட்டபடியே "நொம்ப நல்லா இருக்குது" என்பேன். இப்படியே இரண்டு வருஷம். பெருக்கல் குறி பெருக்கல் குறியாக என்னவோ இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. இப்போது போய் அவளிடமே "அது என்ன படம்" என்று எப்படிக் கேட்பது?

நடந்ததைச் சொல்கிறேன். கோடை விழாவில் கைவேலைப் போட்டி வைக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் படத்தை ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், மகளை விட்டு வர முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், கசக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் காயவையுங்கள், துண்டை விரித்து அதன் மேல் குப்புறப் போட்டு இஸ்திரி போடுங்கள், அட்டையில் வைத்துப் பின்பக்கம் நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள், நாலு பக்கமும் இரண்டு விரல் துணி விடுங்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேர்ல இதுவரைக்கும் ஒண்ணுமே வெளிய போனதில்லீங்க, பாத்துச் செய்யுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் துணியை எடுத்து மேசையில் விரித்தேன். எல்லாம் சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாக இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூல் ஒட்டுமொத்தத்துக்கும் சம்பந்தமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. உங்களுக்கே தெரியும், இருபத்தாறு வருஷம் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்குகிற இடத்தில் மேற்பார்வை பார்த்தவன் நான். ஆயிரம் நல்ல கொட்டைக்கு நடுவே ஒரு கருங்கொட்டை கிடந்தால் என் கை தானாகப் போகும். கை தானாகப் போயிற்று. நூலை உருவித் தூரப் போட்டேன், ராசம்மாள் கவனக்குறைவாக விட்டுவிட்டாள் என்று சிரித்தும் கொண்டேன். பிறகு அலசினேன், காயவைத்தேன். காய்ந்ததும் துணி தொளதொளவென்று தொங்கியது. அவள் தாளில் கஞ்சி என்று எழுதவில்லை, ஆனால் கஞ்சி போடாத துணியை மனிதன் சபைக்குக் கொண்டு போவானா? என் வேட்டிக்குப் போடுகிற மாதிரியே சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்தேன். அது அப்பளமாக நின்றது. அதில் ஊசி இறங்கவில்லை, நூலால் இழுத்துக் கட்டுகிற பேச்சே இல்லாமல் போயிற்று.

சரி என்று கடைவீதியில் வெங்கடாசலத்தின் ஃபிரேம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஊரில் சாமி படமும் காலமானவர்கள் படமும் தவிர வேறு எதற்கும் சட்டம் போட்டதில்லை. துணியைப் பார்த்துவிட்டு, "சாமிங்களா, தவறிப்போனவங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, கைவேலை என்றேன். கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, காளான் மாதிரி இருக்குதுங்க."

"காளானை எவனாச்சும் ரெண்டு வருசம் தைப்பானா? திருப்பிப் புடிங்க."

திருப்பினார். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் கீரைக்கட்டோடு வந்தவள், "அட, படகு! நம்ம ஏரில உடறதுதானுங்களே!" என்றாள். அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. கீழே வளைவாகக் கறுப்புப் படகு, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தண்ணீர், படகுக்குள் ஒரு மூட்டை, மூட்டைக்கு மேலே இரண்டு கம்பு. வெங்கடாசலம் அட்டையில் வைத்துச் சுற்றிலும் குட்டி ஆணி அடித்தார், தங்க நிறச் சட்டம் போட்டார், கொக்கி மாட்டினார். கொடுப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் கண்ணாடியின் உச்சியில் சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். "இனி குழப்பம் இல்லீங்க, பொட்டு வெச்ச பக்கந்தான் மேல்பக்கம்" என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

நேற்று மூன்று மணிக்கெல்லாம் காட்சி மண்டபத்தில் கொடுத்தாகிவிட்டது. பதிவு செய்கிற மீனாட்சி என்ற பெண் தலைப்பு கேட்டாள். "ஏரியில் படகு" என்றேன். "மூட்டைல என்னங்க?" என்றாள். காப்பி என்றேன். நம் ஏரியில் எவன் படகில் காப்பி மூட்டை ஏற்றினான் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண். எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன் மச்சான். பின்பக்கமும் எழுத்து இருந்தது. நான் தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு வரி: "மேல்பக்கம் தெரிவதற்காகச் சிவப்பு நூல் விட்டிருக்கிறேன், ஃபிரேம் போட்ட பிறகு எடுக்கவும்."

நூல் எந்த ஓரத்தில் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். படம் தலைகீழாக இருந்தால்கூடச் சமாளிப்பேன். இரண்டு வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆகவே அது படகா, காளானா, வேறு ஏதாவதா என்று உடனே ஒரு கார்டு போடவும். முடிந்தால் சனிக்கிழமை நீங்களே வந்து பக்கத்தில் நிற்கவும். அண்ணன் முன்னால் அவள் அதிகம் பேசமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகச் சேர்வராயன் துணையிருக்கட்டும். உங்கள் கிணற்றில் தண்ணீர் ஊறட்டும்.

இப்படிக்கு,
குழப்பத்தில் இருக்கும்
மாதப்பன்.

பின்குறிப்பு (ஞாயிறு காலை): கார்டு போட வேண்டாம், வரவும் வேண்டாம். பெட்டியில் போட மறந்து சட்டைப் பையிலேயே கிடந்த கடிதம் இது, தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன்.

ராசம்மாள் ஒரு நாள் முன்னதாக, நேற்று மத்தியான பஸ்ஸிலேயே வந்து, பையோடு நேராக மண்டபத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். படத்தின் முன் போய் நின்றாள். பிறகு ஆணியிலிருந்து கழற்றி, தலைகீழாகத் திருப்பி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பொட்டு கீழே போயிற்று. படகு குடையாயிற்று. மூட்டை கம்பளி போர்த்திய முதுகாயிற்று. இரண்டு கம்பும் ரப்பர் பூட்ஸ் போட்ட கால்களாயின. தண்ணீர் என்று நினைத்தது பனிமூட்டம். குடையில் ஒரு கம்பி வளைந்திருந்தது, எட்டு வருஷமாக நான் சரி பண்ணாத அதே கம்பி.

"அட, நம்ம ரைட்டரு!" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த வெங்கடாசலம். என்னை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"மூஞ்சியக் காணமே?" என்று கேட்டேன்.

"இருவத்தாறு வருசமா சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு, நீங்க வேலைக்குப் போறதப் பாத்துட்டே இருந்தனுங்க. ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா மூஞ்சியும் போட்டிருப்பேன்" என்றாள். அதில் கோபமே இல்லை மச்சான். கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இன்று காலை பால் வாங்கக் கிளம்பினேன். வளைவு வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் நின்றிருந்தாள்.

"என்னத்த மறந்துட்டீங்க?" என்று கத்தினாள்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். உண்மையில் குடையை மறந்திருந்தேன். நல்ல மழை.