ரிவர்ஸ் நைனாவும் கண்ணுள்ள காரும்

மயிலாப்பூரில் தன் சொந்தத் திறமையால் காரை நிறுத்தியதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பின்னால் ரிவர்ஸ் நைனா நின்றிருப்பார்.

எங்கள் அடுக்ககத்தின் காவலாளி அவர். இயற்பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே கார்கள் பின்வாங்கும்போது, “வரட்டும்... வரட்டும்... லெப்டு ஒடி... ஹோல்டு!” என்பார். கடைசியில் டிக்கியில் ஒரு தட்டு. அந்த ‘ஹோல்டு’க்குத் தெருவில் போகிற தண்ணீர் லாரியும் ஒரு கணம் தயங்கும்.

போன வருஷம் எங்கள் செயலாளர், தானே நிறுத்திக்கொள்ளும் கார் ஒன்றை வாங்கினார். “இனிமே ஆள் எதுக்கு? நாளைக்கு எல்லாரும் வந்து பாருங்கோ. வண்டி தானா உள்ளே போயிடுத்துன்னா, இந்த மாசத்தோட நைனாவை அனுப்பிடலாம்” என்றார், நைனாவின் எதிரிலேயே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், ஆயுத பூஜை முடிந்த காலை. குடியிருப்பே கூடி நின்றது. செயலாளர் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கார் வீல் வீலென்று கத்தியதே தவிர, ஓர் அங்குலம் நகரவில்லை.

“பின்னாலே ஏதோ இருக்குங்கறது! ஒண்ணுமே இல்லையே!” என்று மூன்று முறை இறங்கிப் பார்த்தார்.

நைனா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தப்பு என்னுதுதான் சார். நேத்து எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வெச்சேனா? ஒங்க வண்டிக்கு இத்தினி கண்ணு கீதே, ஒண்ணை வுட்டாலும் கோச்சிக்கும்னு எல்லாத்துக்கும் வெச்சிட்டேன்.”

கேமராவுக்கும் பொட்டு, சென்சாருக்கும் பொட்டு!

துடைத்தால் கார் ஓடும். ஓடினால் அவர் வேலை போகும். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவரோ தோள் துண்டை எடுத்து ஒவ்வொரு கண்ணாகத் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பின்னால் போய் நின்றார்.

“வரட்டும்... வரட்டும்...”

கார் வந்தது.

“ஹோல்டு!”

நின்றது. இரண்டடி பின்னால் போனார், வந்தது. கையைத் தூக்கினார், நின்றது.

“தள்ளிப் போய்யா!” என்று உள்ளேயிருந்து செயலாளர் கத்தினார். நைனா நகரவில்லை. காரும் அசையவில்லை.

“இன்னா மரியாதையான வண்டி சார்! நம்ம பேச்சைக் கேக்குது பாரேன்!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. செயலாளரின் மனைவி ஒரே போடாகப் போட்டார்: “நீங்க அத்தனை கத்தினேளே, கேட்டுதா? அவர் கையைத் தூக்கினா நிக்கறதே! பேசாம அவரையே வெச்சுக்கோங்கோ.”

வைத்துக்கொண்டோம். அன்று நைனா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

இப்போது என் காரிலும் கேமரா இருக்கிறது. திரையை நான் பார்ப்பதே இல்லை. டிக்கியில் அந்த ஒரு தட்டு விழுந்தால்தான் வீடு வந்து சேர்ந்ததாக இருக்கிறது.