கவச வண்டி இன்ஜினும் என் நாற்பது நிமிட நிம்மதியும்

இனிமேல் என் காருக்குள் யார் பேசினாலும் என் காதில் விழக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கார் மாமனார் விட்டுப்போனது. நீண்ட மூக்கு, அகலமான தோள், அந்தக் காலத்து அழகு. ஞாயிறுதோறும் அதில் நாற்பது நிமிடப் பயணம். ஸ்டியரிங்கைப் பிடிப்பது நான். காரை ஓட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி. "லாரி வருது." "பிரேக் போடுங்க." "அந்தப் பக்கம் ஏன் போறீங்க?" இறங்கும்போது எனக்கு ஒரு காது மட்டும் சூடாக இருக்கும்.

ராணுவம் கழித்துப்போட்ட கவச வண்டி இன்ஜின் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. கடைக்காரர் அதைக் கிளப்பிக் காட்டினார். பக்கத்திலேயே நின்று ஏதோ விலை சொன்னார். வாய் அசைந்தது, இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. அங்கேயே வாங்கிவிட்டேன்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"மேடு ஏற இழுவை பத்தல."

"நாம போற ரோட்டுல மேடே இல்லையே."

"இனிமே போடுவாங்க."

"சரி" என்றாள். அவள் சட்டென்று சரி என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கோட்டை விட்டேன்.

மெக்கானிக் டேப் பிடித்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், பானெட்டை வெட்டணும்."

"வெட்டுங்க."

"ரேடியேட்டரை முன்னாடி தள்ளணும். அடியில ரெண்டு சட்டம் வெல்டு வைக்கணும்."

"வைங்க."

"சைலன்சர் வைக்கத்தான் இடமில்ல."

"அது வேண்டவே வேண்டாம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"பதினேழு."

உடனே வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, இன்ஜினைக் கிளப்பினேன். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மனைவி ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பதினேழு வருடத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை. தெருமுனை வரை அது நீடித்தது.

அங்கே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். பையிலிருந்து தோல் வைத்த, கனமான ஹெட்போன் இரண்டை எடுத்தாள். ஒன்றை என் தலையில் மாட்டி, இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டு, இரண்டின் வயரையும் இணைத்தாள்.

"கேக்குதா?"

மண்டைக்குள்ளேயே கேட்டது.

"இந்தச் சத்தத்துல ராணுவத்துக்காரங்க எப்படித்தான் பேசிக்குவாங்கன்னு இரும்புக் கடைக்காரரைப் போய்க் கேட்டேன். இன்ஜினோட வந்ததுன்னு எடுத்துக் குடுத்துட்டார்."

அவள் வாய்க்கு நேராக ஒரு மைக் நீட்டிக்கொண்டிருந்தது. என்னுடையதைத் தடவிப் பார்த்தேன். "எனக்கு மைக் எங்கே?" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னமோ சொல்றீங்க, ஒண்ணும் விழல. பரவாயில்லீங்க. பேசுறது கமாண்டர் வேலையாம். டிரைவர் கேட்டுக்கிட்டா போதுமாம். கியரை மாத்துங்க."

மாற்றினேன்.